"முகவரி சரியாகத்தானே இருந்தது?" – ஸ்டீம் கணக்கைப் பறிகொடுத்த மாணவருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கோவை மாவட்டத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினோராம் வகுப்பிலிருந்தே, கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார். முக்கியமாக விளையாடுவது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2. வாங்கிய கேம்களும் ஸ்கின்களும் (கேமில் ஆயுதங்களுக்குப் போடும் அலங்காரத் தோற்றங்கள்) சேர்த்து அவர் கணக்குப்படி 38,000 ரூபாய் பெறும். பாதிக்கு மேல் அப்பாவின் யுபிஐ மூலம், அப்பாவுக்குத் தெரிந்தே வாங்கியது. மீதி, லீவு நாட்களில் வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதித்த பணம். போன செவ்வாய் இரவு ஒரு மெயில் வந்தது. "உங்கள் கணக்கின் மீது மோசடிப் புகார் வந்துள்ளது. 24 மணி நேரத்துக்குள் முறையிடாவிட்டால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும்" என்றது. அதில் அவருடைய விளையாட்டுப் பெயர் இருந்தது. அவரிடம் இருந்த விலை உயர்ந்த கத்தி ஸ்கினின் பெயரும் இருந்தது.

லிங்க்கைத் தட்டினார். "ஸ்டீம் மூலம் உள்நுழைக" என்ற பட்டனை அழுத்தியதும் ஒரு சிறிய விண்டோ திறந்தது. அவர் ஏமாளி அல்ல. முகவரிப் பட்டையைப் பார்த்திருக்கிறார். ஸ்டீமின் முகவரி ஒரு எழுத்தும் பிசகாமல் இருந்தது, பூட்டுச் சின்னமும் இருந்தது. பாஸ்வேர்டைப் போட்டார், மொபைல் ஆப்பில் வந்த குறியீட்டைப் போட்டார், பிறகு எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணையும் போட்டார். அரை மணி நேரத்தில் கணக்கு கைவிட்டுப் போனது. மெயில் முகவரி, போன் நம்பர் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். அவர் பெயரில் நண்பர்களுக்கு லிங்க் போக ஆரம்பித்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாமா பையனுக்கும் போயிருக்கிறது.

பதற்றத்தில் டெலிகிராமில் "கணக்கு மீட்பு நிபுணர்" என்ற ஒருவரைப் பிடித்து 1,500 ரூபாய் அனுப்பியிருக்கிறார். அந்த ஆள் இப்போது இன்னும் 3,500 ரூபாயும் ஆதார் அட்டையின் இரு பக்கப் படமும் கேட்கிறார். பயத்தில் அந்த முதல் மெயிலையும் டெலிட் செய்தாயிற்று. ஸ்டீமுக்கும் ஜிமெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"கேமில் பொருள் போனது என்று ஸ்டேஷனுக்குப் போனால் சிரிக்க மாட்டார்களா? டூ ஃபேக்டர் (பாஸ்வேர்டோடு குறியீடும் கேட்கும் இரட்டைக் காவல்) இருந்தும் எப்படிப் போனது? ஸ்டீம் மீது வழக்குப் போடலாமா? சீனியர் ஒருவர், அதே மாதிரி லிங்க் செய்து திருடனுக்கே அனுப்பி கணக்கைப் பிடிக்கலாம் என்கிறார், செய்யலாமா? அப்பாவிடம் சொல்லாமல் முடிக்க வழி உண்டா?" என்று கேட்கிறார்.

நாள் கடந்தால் பயன் போய்விடும் சில வேலைகள் இதில் இருப்பதால், அவற்றை அவருக்கு உடனே தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று முழு பதிலும் இங்கே.

அன்புள்ள தம்பி,

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற நானே ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2015 டிசம்பரில் வெளிப்படையாக ஒரு கணக்குச் சொன்னது. மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் களவு போகின்றன, பறிகொடுப்பவர்கள் புதியவர்களோ விவரம் இல்லாதவர்களோ அல்ல, தொழில்முறை ஆட்டக்காரர்களும் கேம் பொருள்களைக் கைமாற்றும் அனுபவமுள்ள டிரேடர்களும் அதில் இருக்கிறார்கள் என்றது. அதாவது, விவரம் தெரிந்தவர்களைக் குறிவைத்தே இந்தத் தொழில் நடக்கிறது. விலை போகும் ஸ்கின் அவர்களிடம்தானே இருக்கும்? உங்கள் வெட்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் வெளியே சொல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த டெலிகிராம் ஆளுக்குத்தான் வசதி.

டெலிகிராம் ஆளும் அந்த 1,500 ரூபாயும்

அவர் கணக்கை மீட்டுத் தரப்போவதில்லை. ஸ்டீம் கணக்கை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் வால்வின் உதவிப் பிரிவு ஒன்றுக்குத்தான் உண்டு. அதற்கு அவர்கள் காசு வாங்குவதில்லை. "உள்ளே எனக்கு ஆள் இருக்கு" என்று சொல்பவர் ஒன்று உங்களிடம் திருடிய கும்பலாக இருப்பார், இல்லையென்றால் பறிகொடுத்துவிட்டுத் தவிப்பவர்களைத் தேடி அலையும் வேறொரு கும்பலாக இருப்பார். இனி ஒரு பைசா அனுப்பாதீர்கள். ஆதார் படத்தை எந்தக் காரணம் சொன்னாலும் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் சிம் வாங்கவோ, நாளை இன்னொருவரை ஏமாற்றும்போது நம்பிக்கைக்காகக் காட்டவோ அது போதும்.

ஆனால் அவரை உடனே பிளாக் செய்ய வேண்டாம். டெலிகிராமில் எதிராளி நினைத்தால் உரையாடலை இரு பக்கமும் அழித்துவிட முடியும். அதற்கு முன் முழு உரையாடலையும், அவருடைய யூசர்நேம், பணம் அனுப்பிய யுபிஐ ஐடி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு சைபர் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். அழைக்கும் முன் உங்கள் வங்கிக் கணக்கு எண், பணம் போன தேதி, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தால், சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்திவைக்க முடியும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். அந்த யுபிஐ ஐடி மீது ஏற்கனவே வேறு புகார்கள் இருந்தால் உங்கள் புகார் அவற்றோடு சேரும்.

"3 நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தரும் என்று படித்தேன்" என்கிறீர்கள். அது 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் வரும் விதி. நீங்கள் சம்மதிக்காமல், உங்கள் கவனக்குறைவும் இல்லாமல், வேறொருவர் உங்கள் கணக்கிலிருந்து எடுத்த பணத்துக்கு அது பொருந்தும். இங்கே பின் நம்பரைப் போட்டு அனுப்பியது நீங்களே. வங்கியை நம்பிக் காத்திருக்காமல் 1930 வழியே போவதுதான் சரி.

டெலிட் ஆன மெயில் எங்கும் போகவில்லை

ஜிமெயிலில் டெலிட் செய்தது 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். உடனே எடுத்து இன்பாக்ஸுக்கு மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளில் "ஷோ ஒரிஜினல்" என்பதை அழுத்தி, மூல வடிவத்தை டவுன்லோடு செய்து வையுங்கள். மெயில் எந்த சர்வரிலிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்ற தடயம் அதில்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் அது கிடைக்காது. பின்னால் இது நீதிமன்றம் வரை போனால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் தர வேண்டி வரும். மூல மெயில் கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

அப்படியே ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஒரே பாஸ்வேர்டு என்று சொன்னதால், இதை ஸ்டீமுக்கு எழுதும் முன்பே செய்ய வேண்டும். செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். ஸ்டீமிலிருந்து வரும் மெயிலை உங்கள் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஃபில்டரைப் போட்டுவைத்துவிட்டுப் போவது இவர்கள் வழக்கம். உங்களுடையதல்லாத மீட்பு எண், மீட்பு மெயில் ஏதாவது சேர்க்கப்பட்டிருந்தால் நீக்குங்கள்.

அடுத்தது ஸ்டீம் உதவிப் பக்கம். முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். கூகுளில் தேடி முதலில் வருவதைத் தட்டாதீர்கள். கணக்கு திருடு போனது என்பதற்கென்றே அங்கே தனி வழி இருக்கிறது. மெயிலும் போன் நம்பரும் கையில் இல்லாதவர்களுக்கும் அது திறக்கும். கணக்கு உங்களுடையது என்பதற்குச் சான்று கேட்பார்கள். மிக வலுவான சான்று, அந்தக் கணக்கில் பொருள் வாங்கப் பணம் கட்டிய விவரம். அது உங்கள் அப்பாவின் வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கணக்கு கைக்கு வந்தால் உடனே டிரேடு ஹிஸ்டரியை (பொருள்கள் கைமாறிய பட்டியலை) திறந்து பாருங்கள். 2025 ஜூலை முதல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்களுக்கு டிரேடு பாதுகாப்பு என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. கை மாறிய பொருள் 7 நாள் பாதுகாப்பில் இருக்கும், அதற்குள் கணக்குக்காரர் டிரேடைத் திரும்பப் பெறலாம். தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அந்த 7 நாளில் நடந்த எல்லாம் ஒருசேரத் திரும்பும். அதன்பின் 30 நாள் உங்களால் டிரேடு செய்ய முடியாது. உங்கள் நிலைமையில் அது ஒரு நஷ்டமே இல்லை. 7 நாள் தாண்டிவிட்டால் நிலைமை வேறு. கைமாறிப்போன பொருளை வால்வ் மீட்டுத் தருவதில்லை என்பது அவர்களுடைய நிலையான கொள்கை. உங்களை நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் இதுதான்.

சரியான முகவரி காட்டிய பொய் விண்டோ

உங்கள் கடிதத்தில் "முகவரி சரியாகத்தானே இருந்தது" என்ற வரியைப் படித்ததும் நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. நீங்கள் பார்த்தது விண்டோவே அல்ல. அந்தப் பொய்த் தளம் தன் பக்கத்துக்குள்ளேயே ஒரு விண்டோவை வரைந்து காட்டியது. மேலே தலைப்புப் பட்டை, மூடும் குறி, பூட்டு, முகவரி எல்லாமே வரைந்தவை. வரைகிறவர் அதில் எந்த முகவரியையும் எழுதலாம். அதனால்தான் ஒரு எழுத்தும் பிசகவில்லை. 2022-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த உத்தியை விளக்கிக் காட்டினார்கள். ஸ்டீம் கணக்குகளைத் திருட இது பயன்படுவது பற்றிய ஆய்வறிக்கையும் அதே ஆண்டில் வந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. அந்தச் சின்ன விண்டோவை மவுஸால் பிடித்து, பிரவுசரின் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான விண்டோ வெளியே வரும். வரைந்தது விளிம்போடு நின்றுவிடும், அல்லது விளிம்பில் வெட்டுப்பட்டு மறையும். இன்னொரு துப்பு பாஸ்வேர்டு மேனேஜர். சேமித்து வைத்த பாஸ்வேர்டை அது உண்மையான தளத்தில்தான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரப்பும் இடத்தில் ஒரு நாள் நிரப்பவில்லை என்றால், கையால் டைப் செய்யும் முன் நின்று யோசிக்க வேண்டும். பூட்டுச் சின்னத்தையும் இனி நம்ப வேண்டாம். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. திருடன் தளத்துக்கும் அது இலவசமாகக் கிடைக்கும். மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் குரோம் பிரவுசரே 2023-இல் பூட்டை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

டூ ஃபேக்டர் இருந்தும் எப்படி என்கிறீர்கள். ஸ்டீம் ஆப் காட்டும் ஐந்தெழுத்துக் குறியீடு 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். நீங்கள் பொய்ப் பக்கத்தில் போட்ட அந்த விநாடியிலேயே, மறுமுனையில் இருக்கும் நிரல் அதை உண்மையான ஸ்டீமில் போட்டு உள்ளே போய்விடுகிறது. அதன்பின் வந்த எஸ்எம்எஸ் ஸ்டீம் அனுப்பியதுதான் என்று சொல்கிறீர்கள், அதில் தவறில்லை. பொய்க்கு நடுவே வந்த அந்த ஒரு உண்மைதான் உங்கள் சந்தேகத்தைத் தீர்த்து வைத்திருக்கிறது. உள்ளே நுழைந்தவர் உங்கள் ஆப்பின் காவலை எடுத்துவிடச் சொல்லி ஸ்டீமிடம் கேட்டிருப்பார், அதற்கான எண் உங்கள் போனுக்கு வந்திருக்கும். குறியீடு வரும்போது எண்ணை மட்டும் பார்க்காமல், அது எதற்காக வந்தது என்ற வாசகத்தையும் படியுங்கள். நீங்கள் தொடங்காத வேலைக்கு வந்த எண்ணை எங்கும் போடக்கூடாது.

மெயிலிலேயே தெரிந்திருக்கக்கூடியவை

உங்கள் பெயரும் கத்தி ஸ்கினின் பெயரும் இருந்ததால் நம்பினேன் என்றீர்கள். உங்கள் ஸ்டீம் புரொஃபைலும் இன்வென்டரியும் (உங்களிடம் உள்ள பொருள்களின் பட்டியல்) யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தால், யாருக்கும் அவை தெரியும். விலையுள்ள ஸ்கின் யாரிடம் இருக்கிறது என்று பார்த்துத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். கணக்கு திரும்பியதும் இன்வென்டரியை நண்பர்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிடுங்கள்.

அனுப்பியவர் பெயர் என்பது யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் பெயர். போனில் ஜிமெயில் ஆப் அந்தப் பெயரை மட்டும் காட்டும். அதைத் தட்டினால்தான் முழு முகவரி தெரியும். முகவரியில் அட் குறிக்குப் பின்னால் இருப்பதை வலது கோடியிலிருந்து இடது பக்கமாகப் படிக்கப் பழகுங்கள். பெரும்பாலும் கடைசிப் புள்ளிக்குப் பிந்தைய சொல்லும் முந்தைய சொல்லும்தான் உரிமையாளர் யார் என்று சொல்லும். அதற்கு இடப்பக்கம் ஸ்டீம், சப்போர்ட் என்று எத்தனை சொல்லையும் கோத்துக்கொள்ளலாம். அந்த உரிமையாளர் சொல்லிலும் கண்ணை ஏமாற்றும் வேலை நடக்கும். ஆங்கில எம் எழுத்துக்குப் பதிலாக ஆர், என் இரண்டையும் சின்ன எழுத்தில் ஒட்டி எழுதிப் பாருங்கள். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. ஸ்டீம் பெயரில் இந்த மாற்றம் செய்த தளங்கள் நிறைய வந்திருக்கின்றன.

உங்களைப் போன்ற கம்ப்யூட்டர் மாணவர்கள் செய்யும் ஒரு தவறையும் சொல்கிறேன். "ஷோ ஒரிஜினல்" பக்கத்தில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிஎம்ஏஆர்சி (மெயில் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் சோதனைகள்) மூன்றும் பாஸ் என்று வந்தால் மெயில் நம்பகமானது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அட் குறிக்குப் பின்னால் இருக்கும் அந்த டொமைனிலிருந்துதான் மெயில் வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. டொமைனே திருடனுடையது என்றாலும் பாஸ் வரும். அதேபோல், எழுத்துப்பிழை இருந்தால்தான் போலி மெயில் என்ற பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். இப்போது வரும் போலி மெயில்களின் ஆங்கிலமும் தமிழும் பிழையில்லாமல் இருக்கின்றன.

இத்தனையையும் ஒவ்வொரு மெயிலுக்கும் சோதித்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது, அதுவும் இரவு பதினோரு மணிக்கு, 24 மணி நேரக் கெடுவோடு. அதனால் ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். மெயிலில் என்ன சொல்லியிருந்தாலும், அதிலிருக்கும் லிங்க் வழியாகப் போகாதீர்கள். ஸ்டீம் ஆப்பை நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். உங்கள் கணக்கின் மீது நடவடிக்கை என்றால் அங்கேயே தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மெயில் பொய். வால்வ் ஊழியர் யாரும் டிஸ்கார்டு என்ற உரையாடல் ஆப்பிலோ சாட்டிலோ வந்து உங்கள் கணக்கைப் பற்றிப் பேச மாட்டார். பாஸ்வேர்டும் கேட்க மாட்டார்.

இதே வித்தை வேறு வேடங்களிலும் வரும். "எங்கள் டீமுக்கு ஓட்டுப் போடு", "தெரியாமல் உன்னை ரிப்போர்ட் செய்துவிட்டேன், இந்த அட்மினிடம் பேசு", பிஜிஎம்ஐ கேம் ஆடுபவருக்கு இலவச யூசி, ராப்லாக்ஸ் கேம் ஆடும் சிறுவனுக்கு இலவச ரோபக்ஸ் (இரண்டும் அந்தந்தக் கேமுக்குள் செல்லும் காசு). "நான் செய்த கேமை டெஸ்ட் செய்து பார்" என்பது இன்னும் ஆபத்தானது. அதை இன்ஸ்டால் செய்தால் பாஸ்வேர்டே தேவையில்லை, நீங்கள் உள்ளே இருக்கும் லாகினையே தூக்கிக்கொண்டு போய்விடும். 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற கேம் ஸ்டீம் கடைக்குள்ளேயே இப்படி ஒரு தீநிரலோடு வந்து, சில நாட்களில் நீக்கப்பட்டது.

ஸ்டேஷனில் சிரிப்பார்களா?

யாராவது சிரிக்கலாம். சட்டம் சிரிக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி பிரிவு, இன்னொருவருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவதையே குற்றம் என்கிறது. போனது பணமா, ஸ்கினா என்ற கேள்வியே அங்கே எழாது. ஆள் மாறாட்டம் செய்து கணினி மூலம் ஏமாற்றுவது 66-டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அனுமதியில்லாமல் கணக்குக்குள் நுழைந்தது 43, 66 பிரிவுகளில் வரும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கான 318-வது பிரிவும் சேரும்.

"ஸ்கின் வெறும் டேட்டா, சொத்து இல்லை" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அசையும் சொத்து என்றால் தொட்டுணரக்கூடிய பொருள் என்ற வரையறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு, எல்லா வகைச் சொத்தும் என்கிறது. அதனால் திருட்டு என்று வாதிடவும் இடம் இருக்கிறது. என்றாலும் உங்கள் புகாரை நான் அந்த வாதத்தில் நிறுத்த மாட்டேன். 66-சி, 66-டி இரண்டுமே போதும், உறுதியானவை.

புகாரில் கேமைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம். என் பெயரிலிருந்த கணக்கு, இந்தத் தேதி, இந்த நேரத்தில், போலி மெயில் மூலம் பாஸ்வேர்டைப் பெற்று அபகரிக்கப்பட்டது, பணம் கொடுத்து வாங்கிய பொருள்கள் இவை, என் பெயரில் மற்றவர்களுக்கும் மோசடி லிங்க் அனுப்பப்படுகிறது என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரி மிக அவசியம். நாளை உங்கள் கணக்கு வழியாக இன்னொருவர் ஏமாந்தால், உங்களுக்குக் காப்பு அந்தப் புகாரின் தேதிதான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். திருடன் பிடிபடுவானா என்றால், வெளிநாட்டில் இருந்தால் வாய்ப்பு குறைவு. டெலிகிராம் ஆள் இந்திய யுபிஐ ஐடி கொடுத்திருப்பதால் அவரைப் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

நஷ்டஈடு கேட்டு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவின்படி மாநிலத் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் மனுச் செய்யலாம். 2010-இல் தமிழ்நாட்டில் இந்த வழியில்தான், பிஷிங் (ஏமாற்றித் தகவல் பறிக்கும் போலி) மெயிலால் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு ஒரு தனியார் வங்கி நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவானது. ஆனால் எதிர்மனுதாரர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு அது கைகூடாது. ஸ்டீம் மீது நுகர்வோர் வழக்கா? நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்ய 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. தாக்கல் செய்ய முடிவதும் ஜெயிப்பதும் வேறு. பாஸ்வேர்டும் இரண்டு குறியீடுகளும் உங்கள் கையால் போனவை. ஸ்டீமின் ஒப்பந்தப்படி உங்களுக்குக் கிடைத்திருப்பது பயன்படுத்தும் உரிமம். என் கருத்தில் அந்த வழக்குக்குச் செலவு செய்யாதீர்கள்.

சீனியர் சொன்ன யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். திருடன் கணக்குக்குள் நுழைந்தாலும் அது 66-வது பிரிவுக் குற்றம்தான். அவன் முதலில் செய்தான் என்பது தப்பிக்க வழியாகாது. அதைவிட முக்கியமான ஒன்று: உங்கள் ஸ்கின் போய்ச் சேர்ந்திருக்கும் கணக்கு திருடனுடையதாகவே இருக்கும் என்று என்ன நிச்சயம்? அதுவும் உங்களைப் போன்ற இன்னொரு மாணவரிடமிருந்து பறித்த கணக்காக இருக்கலாம்.

அப்பாவிடம்

சொல்லாமல் முடிக்க வழியில்லை தம்பி. ஸ்டீமுக்குக் கொடுக்க வேண்டிய சான்று அவருடைய ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. போலீஸ் கேட்டாலும் அதே ஸ்டேட்மென்ட்தான். லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொள்வார் என்று பயப்படுகிறீர்கள். ஒருவேளை சில நாள் வாங்கி வைக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளில் பெற்றோருக்குக் கோபம் வருவது பிள்ளை ஏமாந்ததற்காக அல்ல. தங்களிடம் மறைத்து, அந்த மறைவில் இன்னொருவரிடம் போய் மாட்டியதற்காகத்தான். 1,500 ரூபாயில் நிற்கும்போது சொல்வதும், ஆதாரும் போய் மிரட்டல் வந்தபின் சொல்வதும் ஒன்றாகாது. மெயில் நகல், ஸ்கிரீன்ஷாட், 1930 புகார் எண் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். "இப்படி நடந்துவிட்டது அப்பா, இதுவரை இவ்வளவு செய்திருக்கிறேன், அடுத்ததுக்கு உங்கள் ஸ்டேட்மென்ட் வேண்டும், கூட வாருங்கள்" என்று ஆரம்பியுங்கள். அவருடைய கார்டு எண் திருடனிடம் போயிருக்குமோ என்ற பயமும் வேண்டாம். 2022 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி இணையக் கடைகள் கார்டு எண்ணை முழுமையாகச் சேமித்து வைப்பதில்லை. நீங்களோ பெரும்பாலும் யுபிஐயில்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

மாமா பையன்

இதை நாளைக்குத் தள்ளாதீர்கள். உங்கள் நண்பர் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பிலோ போனிலோ சொல்லுங்கள். என் ஸ்டீம் கணக்கு இப்போது என்னிடம் இல்லை, அதிலிருந்து வரும் எந்த லிங்க்கையும் திறக்காதீர்கள் என்று வெட்கப்படாமல் வகுப்புக் குழுவிலும் போடுங்கள். மாமா பையனிடம் மட்டும் நேரில் பேசுங்கள். அவன் தட்டியிருந்தாலும் உங்களிடம் ஒத்துக்கொள்ளப் பயப்படுவான். நடந்ததை முதலில் நீங்கள் சொல்லுங்கள், அவன் தானாகச் சொல்வான். பாஸ்வேர்டு போட்டிருந்தால் உடனே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் செய்து, ஸ்டீமின் ஏபிஐ கீ (வெளி நிரல்கள் கணக்கை அணுக உதவும் சாவி) பக்கத்தில் அவன் பெயரில் ஏதாவது பதிவாகியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அந்தக் கீ இருந்தால், பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அவனுடைய டிரேடுகளை வெளியிலிருந்து கவனித்து நடுவில் புகுந்துவிடுவார்கள். உங்கள் கணக்கு திரும்பியதும் நீங்களும் இதைச் செய்ய வேண்டும்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் அங்கே வாக்குவாதம் செய்ய வேண்டாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின் 4-வது உட்பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதன்பின் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். அப்படி ஒரு நிலை வந்தால் மனுவை எழுதி எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன்.